முன்னால் இருந்த வார்டன்

வெங்கட்ராமனுக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவர்கள் கல்கத்தாவில் ஏராளம். துறைமுகத்தில் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, சொல்ல வந்ததையும் சொல்லக் கூடாது என்று வந்ததையும் ஒரே மூச்சில் வாங்கிவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரை அவரும் கொஞ்சம் நம்பினார். கொஞ்சம் என்ன, முழுக்கவே நம்பினார்.

புதிதாக வரும் ஆபீசர்களுக்கு அவர்தான் வகுப்பு எடுப்பார். வருகிறவர் முகத்தில் வெயில் அடிக்காமல் நாற்காலியைப் போடு. எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேள். என்ன பதில் வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கட்டும். கேட்டுவிட்டால் வாயை மூடிக்கொள்; எவ்வளவு நேரமானாலும் அந்த மௌனத்தைப் பதில் சொல்ல வேண்டியவன்தான் கலைக்க வேண்டும். கடைசியில் கொஞ்ச நேரம் வந்தவருக்கே சொந்தம், அவர் உன்னிடம் எது வேண்டுமானாலும் கேட்கலாம், நீ நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் விரலை உயர்த்துவார்.

அவருடைய மனைவி ஷியாமளா ஆடி மழையில் ஒரு நாள் காலையில் காபி கலந்துகொண்டிருந்தபோது கீழே சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாலிகஞ்சில் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு டிரஸ்டின் பெண்கள் ஹாஸ்டலில் அவள் வார்டன். தமிழ்நாட்டிலிருந்து ஜாதவ்பூர் யூனிவர்சிட்டிக்குப் படிக்க வரும் பெண்கள் அங்கே தங்குகிறார்கள். அதே சந்தில் பக்கத்துக் கட்டடத்தில்தான் வெங்கட்ராமனின் வீடு. ஹாஸ்டல் சமையல் கேரியரில் வீட்டுக்கு வரும். அவள் இருந்தபோதும் வந்தது, போன பிறகும் வந்துகொண்டிருந்தது. அவர் மூடியைத் திறப்பார், சாப்பிடுவார், கழுவி வைப்பார். என்ன சாப்பிட்டாய் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பார்.

அவர் அழவில்லை. பல் பிடுங்கும் டாக்டர் ஊசி போட்டபின் உதடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, அந்த மாதிரி இருந்தார். வங்கியில் இங்கிலீஷில் ‘எக்ஸ்பயர்ட்’ என்றார். அக்கம்பக்கத்து வங்காளிகளிடம் ‘சொலே கேச்சென்’, போய்விட்டாள் என்றார். ஊர் உறவுக்காரர்களுக்கெல்லாம் மைத்துனன்தான் போன் பண்ணிச் சொன்னான். ஆகவே தமிழில் அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொல்ல வேண்டி வரவில்லை. வரவில்லை என்பதை அவர் கவனிக்கவும் இல்லை.

இரண்டு மாதம் ஆனபோது டிரஸ்டின் செயலாளர் சுரேஷ்குமார் வந்தார். லேக் மார்க்கெட்டில் நம் ஊர் மளிகைச் சாமான் விற்பவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“சார், தப்பா நினைக்கக் கூடாது. மகாலயா அமாவாசைக்குள்ள ஒரு வார்டன் வரலைன்னா ஹாஸ்டல மூடிரணும்னு டிரஸ்ட்ல முடிவு பண்ணிட்டாங்க. பூஜை லீவுக்கு ஊருக்குப் போற பிள்ளைகள்ட்ட, திரும்பி வராதீங்க, வேற இடம் பாத்துக்கிடுங்கன்னுதான் சொல்லணும். பொறுப்பான பொம்பளை ஒருத்தர் இல்லாம வச்சுக்கிட முடியாதுல்லா?”

“முடியாதுதான்.”

“ஆள் எடுக்கதுல உங்களுக்கு மேல யாரு இருக்கா? நீங்கதான் பாத்துக் குடுக்கணும். ஆனா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு...”

“என்ன கஷ்டம்? வேகன்சின்னா ஃபில் பண்ண வேண்டியதுதான்” என்றார் வெங்கட்ராமன்.

சுரேஷ்குமார் அவர் கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

வெங்கட்ராமன் தயாரிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஹாஸ்டல் முன்னறையில், வார்டனின் மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். டம்ளரில் தண்ணீர் வைத்தார். சுவரில் ஷியாமளாவின் படம் சந்தன மாலையோடு தொங்கியது. ஹாஸ்டல் பெண்கள் மாட்டியது. வருகிறவர்களின் கவனம் சிதறும் என்று அதைக் கழற்றி, மேஜைக்கு அடியில் தன் காலருகே சாய்த்து வைத்தார். ஏறிய ஸ்டூலை மறக்காமல் மூலையில் கொண்டுபோய் வைத்தார். ஆணியும், படம் இருந்த இடத்தில் வெளுத்த ஒரு கட்டமும் மட்டும் சுவரில் மிஞ்சின.

கேள்விகள் மூன்று. புதிதாக வந்த பெண் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, என்ன செய்வீர்கள்? கேட் மூடிய பிறகு ஒருத்தி தாமதமாக வந்து நிற்கிறாள், என்ன செய்வீர்கள்? சமையல்காரர் சாம்பாரில் சர்க்கரை போடுகிறார், பெண்கள் புகார் சொல்கிறார்கள், என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்குச் சிரிக்காதீர்கள். ஹாஸ்டலில் சமைப்பவர் ஒடிசாக்காரர், கல்கத்தா வழக்கப்படி எல்லோரும் டாக்கூர் என்றே கூப்பிடுவார்கள். பருப்பு என்றால் அதில் ஒரு கை சர்க்கரை விழ வேண்டும் என்பது அவருக்கு மதம் மாதிரி. அது சாம்பாரா, டாலா என்ற பேதமெல்லாம் அவர் கை பார்க்காது. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த பெண்கள் முதல் வாரம் அழுவது அம்மாவை நினைத்தா, இந்தச் சாம்பாரை நினைத்தா என்று பிரித்துச் சொல்வது சிரமம்.

மூன்றுக்கும் சரியான பதில் என்ன என்று வெங்கட்ராமனுக்கு முன்பே தெரியும். சாப்பிடாத பெண்ணிடம் ஒன்றும் கேட்கக் கூடாது. சமையலறைக்குக் கூப்பிட்டு, ஒரு கை குறைகிறது, இந்த பீன்ஸைக் கொஞ்சம் நறுக்கித் தா என்று உட்கார வைக்க வேண்டும். பாதி பீன்ஸில் பெண் அழுதுவிடும், மீதி பீன்ஸில் பசிக்கிறது என்று சொல்லிவிடும். தாமதமாக வந்தவளுக்கு ஒரு வார்த்தை பேசாமல் கேட்டைத் திறந்து, சூடாக ஹார்லிக்ஸ் கொடுத்துத் தூங்க அனுப்ப வேண்டும். திட்டு மறுநாள் காலையில். சர்க்கரை டப்பாவை வார்டன் தன் அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டும். டாக்கூர் கேட்டு வாங்க வருவார். வரும்போதெல்லாம் அவர் கடைசிப் பெண்ணின் படிப்பைப் பற்றி விசாரிக்க வேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் முக்கால்வாசி நாள் சர்க்கரையை மறந்து வெறுங்கையோடு திரும்பிவிடுவார்.

இதையெல்லாம் உலகத்தில் வேறு எந்த வார்டன் செய்வாள்? கேட்டால் வெங்கட்ராமன், “நல்ல ப்ராக்டிஸ், அதனால அளவுகோல்” என்றிருப்பார். ஆள் எடுப்பதைப் பற்றி அத்தனை பேருக்குப் பாடம் சொன்ன மனிதர், ஒரே ஒருத்தி மட்டும் பாஸ் பண்ணக்கூடிய பரீட்சையைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, வாருங்கள் வாருங்கள் என்று ஊரைக் கூப்பிட்டார். கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. மரத்துப்போன உதட்டைத் தானே கடித்துக்கொள்வது தெரியாத மாதிரிதான் இதுவும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் எல்லோரும் தேறாமல் போனார்கள். ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை, சாப்பிடாத பெண்ணின் அப்பாவுக்கு உடனே போன் போடுவேன் என்றார். சமூக சேவை படித்த ஒரு இளம்பெண், கவுன்சிலிங்குக்கு ஏற்பாடு செய்வேன் என்றாள். பேஹாலாவிலிருந்து வந்த ஒரு அம்மாள், டாக்கூரை மாற்றிவிட்டு நானே சமைக்கிறேன் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். எல்லோரையும் வெங்கட்ராமன் மரியாதையாக வாசல் வரை கொண்டுபோய் விட்டார். எல்லோருக்கும் முட்டை மார்க் போட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுரேஷ்குமாருக்குப் பொறுக்கவில்லை. “சார், அந்த பீன்ஸ் விஷயம்... அது மேடம் செஞ்சதுல்லா?”

“ஆமா. ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு வேணுமே.”

“அது சரி. ஆனா வாரவங்களுக்கு அது எப்படிச் சார் தெரியும்?”

“நல்ல கேண்டிடேட்டா இருந்தா தோணும்” என்றார் வெங்கட்ராமன். சுரேஷ்குமார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மகாலயாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒருத்தர்தான் மிச்சம். பெயர் கீதாஞ்சலி, நாற்பதை ஒட்டிய வயது. கரக்பூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவரின் பெண். அங்கேயே ஒரு நர்சிங் ஹோமில் ஆயாக்களை மேற்பார்வை பார்க்கும் வேலையில் இருந்தவள். கட்டடம் கை மாறியதும் அந்த வேலை போய்விட்டது. காலை லோக்கல் ரயிலைப் பிடித்து வந்திருந்தாள், புடவையின் ஓரம் மழையில் நனைந்திருந்தது. மாடிப்படியில் ஹாஸ்டல் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்கள். இன்றைக்கும் இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவள் உட்கார்ந்ததும் சுவரிலிருந்த ஆணியை ஒரு முறை பார்த்தாள். பிறகு தண்ணீரைக் குடித்தாள். வெங்கட்ராமன் முதல் கேள்வியைக் கேட்டார்.

“ஒண்ணும் பண்ண மாட்டேன் சார்” என்றாள் கீதாஞ்சலி.

“ஒண்ணும் பண்ண மாட்டேளா?”

“மானே, அதாவது, கேக்க மாட்டேன். கேட்டா அதுக்கு இன்னும் அழுகை வரும். பேசாம ரூம் வாசல்ல ஒரு டப்பா பொரி வெச்சுட்டு வந்துடுவேன். காலைல டப்பா காலியா இருந்தா சரி. இல்லேன்னா டாக்டர்.”

பீன்ஸ் இல்லை. வெங்கட்ராமன் முட்டை போட்டார். இரண்டாவதைக் கேட்டார்.

“திட்டுவேன் சார். கேட்லயே, நல்லா.” அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. “அந்தப் பொண்ணுக்கு என்னாச்சோன்னு அதுவரைக்கும் எனக்குப் பயமா இருந்திருக்கும்ல? அத காலைல வரைக்கும் என்னால வெச்சுட்டு இருக்க முடியாது. திட்டிட்டு, அப்புறம் சாப்டியான்னு கேப்பேன்.”

இன்னொரு முட்டை. மூன்றாவது கேள்விக்கு அவள் சிரித்துவிட்டாள்.

“நான் பொறந்ததே கரக்பூர் சார். எங்க வீட்டு சாம்பார்லயே சர்க்கரை உண்டு. பிள்ளைங்க வந்து சொன்னாத்தான் அது தப்புன்னே எனக்குத் தெரியும். சொன்னா கொறைக்கச் சொல்லுவேன்.”

சுரேஷ்குமார் கூரையைப் பார்த்தார். வெங்கட்ராமன் மூன்றாவது முட்டையையும் போட்டுவிட்டு, பேனாவை மூடினார். மனசில் ஒன்றும் இல்லை. ஹாஸ்டல் மூடப்போகிறது என்பது பத்திரிகையில் படித்த செய்தி மாதிரி எங்கேயோ தூரத்தில் இருந்தது. ஆனால் விதி விதிதான்.

“நீங்க எங்களை ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்” என்றார்.

முன்னால் வந்தவர்களும் கேட்டிருந்தார்கள். லீவு உண்டா, ரூமில் கீசர் இருக்கிறதா என்றுதான். கீதாஞ்சலி மறுபடி அந்த ஆணியைப் பார்த்தாள்.

“இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் சார் போனாங்க?”

சாதாரணக் கேள்வி. வேலை தேடி வருகிற எவரும் கேட்க வேண்டிய கேள்வி, கேட்டால் அவர்களுக்கு மதிப்புக் கூடும் என்று வெங்கட்ராமனே வகுப்பில் சொல்லியிருக்கிறார். உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும், மழுப்பக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். விரலை உயர்த்திச் சொல்லியிருக்கிறார்.

அவர் வாயைத் திறந்தார். இங்கிலீஷ் வார்த்தை வந்து நின்றது. அது வங்கிக்குச் சொன்னது. வங்காள வார்த்தை வந்தது. அதில் போய்விட்டாள் என்றுதானே வரும், எங்கே போனாள், ஏன் போனாள் என்று இவள் மறுபடி கேட்பாளே? எதிரே உட்கார்ந்திருப்பவள் தமிழில் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நர்சிங் ஹோமில் பழகியதோ என்னவோ, அவசரப்படுத்தவில்லை, பார்வையை அகற்றவும் இல்லை. வெளியே சந்தில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். அது நின்றது. எத்தனையோ பேரை இந்த மௌனத்துக்குள் தள்ளிவிட்டுச் சாவகாசமாகக் கரையில் உட்கார்ந்திருந்தவர் வெங்கட்ராமன். உள்ளே எப்படி இருக்கும் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

சுரேஷ்குமார் குறுக்கே வந்தார். “அது வந்தும்மா, அவங்க...”

வெங்கட்ராமன் கையை உயர்த்தி நிறுத்தினார். பதில் சொல்ல வேண்டியவன்தானே மௌனத்தைக் கலைக்க வேண்டும்.

“அவ எங்கயும் போகலை” என்றார். “செத்துப்போயிட்டா.”

அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை அவரே கேட்டார். யாரோ பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி இருந்தது.

“என் ஆம்படையாதான். காபி கலந்துண்டிருந்தா. எனக்குத்தான். ரெண்டாவது காபி. கேட்டிருக்க வேண்டாம், சும்மா கேட்டேன்.” குரல் உடைந்தது. “செத்துப்போயிட்டா.”

குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து படத்தை எடுத்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. மடியில் வைத்துக்கொண்டார். சந்தன மாலையில் ஒரு பக்கம் அவர் செருப்பு பட்டு நசுங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. ஐயோ, இரண்டு வாரமாக இவளைக் காலடியில் வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தார். ஊசியின் மருந்து இறங்கினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று, வலித்தது. மார்பில், தொண்டையில், எங்கே என்று சொல்ல முடியாமல் எல்லா இடத்திலும் வலித்தது. அவர் சத்தமாகவே அழுதார்.

கீதாஞ்சலி எழுந்து வந்து அவர் தோளைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. தன் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஜாடியிலிருந்து புதிதாக ஊற்றி, அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

“அந்த மூணு கேள்விக்கும் பதில் அவங்களோடதா சார்?”

அவர் தலையை ஆட்டினார்.

“நானும் பாத்தேன். நான் என்ன சொன்னாலும் நீங்க வேற எதையோ எதிர்பாக்கற மாதிரி இருந்துச்சு.” அவள் கைப்பையை மடியில் சரி செய்துகொண்டாள். “சார், கோவிச்சுக்காதீங்க. அவங்கதான் வேணும்னா ஆள் கிடைக்காது. வார்டன் வேணும்னா நான் வரேன்.”

வெங்கட்ராமன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதிரே இருப்பவளை, காலையிலிருந்து முதல் தடவையாக, ஷியாமளாவாக இல்லாத ஒருத்தியாகப் பார்த்தார். திட்டிவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்பாளாம். கேட்கட்டுமே. வாசலில் பொரி வைப்பாளாம். வைக்கட்டுமே, பொரிக்கு என்ன குறைச்சல்? போட்ட முட்டைகளை நினைத்தால் அவமானமாக இருந்தது.

“பொரி நமுத்துப் போயிடும். டப்பா மூடி கெட்டியா இருக்கணும்” என்றார்.

“சரிங்க சார்.”

“எப்ப வந்து சேர முடியும்?”

“சாமான் ஒரு பெட்டிதான். நாளைக்கே வரேன்.”

படியில் யாரோ கை தட்டினார்கள். யாரோ அவளை அடக்கினார்கள். சுரேஷ்குமார் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேட்காமலேயே வெங்கட்ராமன் மடியிலிருந்த படத்தை வாங்கி ஆணியில் மாட்டினார். கொஞ்சம் கோணலாக மாட்டினார். கீதாஞ்சலிதான் போய் நேராக்கினாள்.

“சாப்பாடு ஆயிட்டு. கேரியர்லாம் எதுக்கு சார், இன்னிக்கு இங்கயே ஒரு வாய் சாப்பிடுங்க” என்றார் சுரேஷ்குமார்.

உள்ளே நீள மேஜையில் மூன்று பேரும் பெண்களோடு உட்கார்ந்தார்கள். மஹிமா என்ற கோயம்புத்தூர்ப் பெண் பரிமாறினாள். ஷியாமளாவோடு பீன்ஸ் நறுக்கிச் சரியானவர்களில் அவளும் ஒருத்தி. சாதம் வைத்து, குழி செய்து, சாம்பாரை ஊற்றினாள். வெங்கட்ராமன் பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார்.

வைத்த கவளம் இறங்கவில்லை. இனித்தது. நாக்கு, கன்னம், தொண்டை எல்லாம் இனித்தது. பக்கத்தில் கீதாஞ்சலி ஒரு குறையும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இது” என்றார் அவர் கண்ணில் நீரோடு, “இப்படித் தித்திக்கறது? டாக்கூர் இன்னிக்கு என்ன பண்ணினார்?”

மஹிமா கரண்டியைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள்.

“ரெண்டு ரெண்டரை மாசமாவே இப்படித்தானே இருக்குங்க அங்கிள்” என்றாள்.